தலைமடையில் ஒரு வெள்ளைச் சட்டை

எங்கள் பேராசிரியருக்குத் தஞ்சாவூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அங்கே புதிதாகச் சிறுதொழில் தொடங்குகிறவர்களுக்கு என்ன கஷ்டம் என்று நன்றாகத் தெரியும். மூலதனம் போதாது, திறமை போதாது, சந்தை போதாது. மலேசியாவில், ஈப்போவில் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்தபடியே ஆய்வுக் கட்டுரையை முடிவுரைவரை எழுதிவிட்டார். நடுவில் ஓர் அட்டவணைக்கு மட்டும் இடம் விட்டிருந்தார். அதை நிரப்ப யாராவது நேரில் போய்ச் சிலரைக் கேட்டுவிட்டு வரவேண்டும். துறையில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பெருமை எனக்கு வந்தது.

“அவர்கள் வேறு ஏதாவது சொன்னால் என்ன செய்வது?” என்று கேட்டேன்.

“சொல்ல மாட்டார்கள்” என்றார் அவர், ஆங்கிலத்தில். “அப்படியே சொன்னால் ‘மற்றவை’ என்கிற கட்டத்தில் போட்டுவிடுங்கள்.”

கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நேரம் கேட்டேன். எல்லாரும் எப்போது வேண்டுமானாலும் வரச் சொன்னார்கள். ஸ்டெல்லா என்பவர் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ட்ரோன் வைத்து வயலுக்கு மருந்து தெளிப்பது அவருடைய தொழில். தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியிருந்தார். ட்ரோன் அவருடையது அல்ல, ஒரு கம்பெனி வாடகைக்குக் கொடுத்தது.

“சம்பாவுக்கு மருந்தடிச்சு முடியறதுக்குள்ள வந்துடுங்க சார்” என்றார். “அதுக்குள்ள அவங்க சொன்ன ஏக்கர் பறக்கலைன்னா ட்ரோனைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் நீங்க வந்தா நான் ஸ்கூல்லதான் இருப்பேன்.”

இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. “அருமையான மாதிரி. மூடுவதற்குள் பிடித்துவிடுங்கள்” என்றார்.

தஞ்சாவூரில் முதல் நாள் காலை இட்லியும் கடப்பாவும் சாப்பிட்டேன். கடப்பா என்றால் ஆந்திரத்தில் ஓர் ஊர் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே அது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்து, சோம்பு மணக்க, இட்லி மேல் ஊற்றுகிற ஒரு சமாசாரம். எங்கள் ஊரில் இட்லிக்குச் சாம்பார், சட்னி, அதற்கு மேல் பேச்சில்லை. நான் ஐந்தாவது இட்லி கேட்டபோது பரிமாறியவர் ஆச்சரியமே படவில்லை. கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கீழவாசல் பக்கம் செந்தில் என்பவர் பழச்சாறு கடை திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. காலையில் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பேசலாம் என்ற அறிவோடு கடை திறக்கும் நேரத்துக்கே போய் நின்றேன். அவர் வாசலில் தண்ணீர் தெளித்து, படத்துக்குப் பூ வைத்து, சூடம் காட்டிக்கொண்டிருந்தார். சூடம் அணைந்ததும் நான் மடிக்கணினியைத் திறந்து பேராசிரியரின் முதல் கேள்வியை அப்படியே தமிழில் கேட்டேன். அடுத்த ஓர் ஆண்டுக்குள் உங்கள் கடை மூடப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருப்பதாக நினைக்கிறீர்கள்?

செந்தில் கையிலிருந்த சூடத்தட்டைக் கீழே வைத்தார். பக்கத்துப் பூக்கடைப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சார், இன்னும் போணி ஆவலை” என்றார் செந்தில், மிகவும் மரியாதையாக.

முதல் வியாபாரம் நடக்கும் முன் கடையில் நல்ல வார்த்தைதான் பேசவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர்த் தமிழ்க் கடைகளிலும் அப்படித்தான். ஆனால் கேள்வித்தாள் தயாரித்தவருக்குத் தெரியாது, நானோ கேள்வித்தாளை நம்பிப் பிழைக்கிறவன். பரிகாரமாக ஒரு சாத்துக்குடி சாறு கேட்டேன். அவர் கொடுக்க மறுத்துவிட்டார். அந்தக் கேள்வியைக் கேட்ட வாயால் போணி செய்தால் நாள் விளங்காதாம். சரி, ஓரமாக நிற்கிறேன் என்று நின்றேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. மடிக்கணினியோடு கடையை முறைத்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்தவர்கள் ஏதோ அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, குடிக்க வந்தவர்கள்கூடக் குடிக்காமல் நடையைக் கட்டினார்கள்.

கடைசியில் செந்திலே ஒரு வழி சொன்னார். “நீங்க தெருமுனை வரைக்கும் போயிட்டு, புதுசா வர்ற மாதிரி வாங்க சார். பையை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க.”

போனேன். ஒரு தேநீர் குடித்தேன். கொஞ்சம் வேகமாக, தாகத்தோடு வருகிறவன் போலத் திரும்பி வந்தேன். செந்தில் என்னை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்பது போல, “வாங்க சார், என்ன சாப்புடுறீங்க?” என்று வரவேற்றார். சாத்துக்குடி வந்தது, பணம் கொடுத்தேன், அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஆட்கள் வந்தார்கள், நாங்களும் பேசினோம். தொழிலில் பெரிய சவால் எது என்று கேட்டபோது அவர் சிரித்துவிட்டு, நீங்களே பார்த்தீர்களே என்றார். அதை ‘மற்றவை’யில் போட்டேன்.

இரண்டாம் நாள் மன்னார்குடி போகிற வழியில் ஒரு சிறிய ஊர். நிஜாமுதீன் பாய் வளைகுடாவில் ஓர் ஓட்டல் சமையற்கட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, அந்த ஊர் மந்திச் சோற்றைத் தன் ஊருக்குக் கொண்டுவந்திருந்தார். பெரிய தாம்பாளத்தில் சோறு, மேலே இறைச்சி, சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். அரபு நாட்டில் அதுதான் அழகு.

புதிய தொழில்முனைவோருக்கு வழிகாட்டுவார் இல்லை என்பது எங்கள் ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு. நிஜாம் பாயின் கடையில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் சாப்பிட வந்த ஒவ்வொருவரும் அவருக்கு வழிகாட்டினார்கள். கை கழுவப் போனவர் வழியில் நின்று வழிகாட்டினார். ஒருவர் கத்திரிக்காய் தொக்கு வைக்கச் சொன்னார், ஒருவர் ரசம் இல்லாமல் எப்படி என்றார், பார்சல் வாங்க வந்தவர் கடையின் வாசலையே வேறு திசைக்கு மாற்றச் சொன்னார். பாய் எல்லாருக்கும் தலையாட்டினார். அவருக்கு வழிகாட்டிகளிடமிருந்து ஒரு நாள் விடுமுறை கிடைத்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

என் மேசைக்கு மந்தி வந்தபோது தாம்பாளத்தில் நாலு வாழையிலைத் துண்டுகள் போட்டு, சோற்றை நாலு பாகமாகப் பிரித்து, நடுவே பாதை விட்டிருந்தார்கள். ஒரே தட்டில் கை வைக்க இங்கே ஆட்கள் தயங்குகிறார்களாம். அண்ணன் தம்பிகளாகவே வந்தாலும் அவரவர் இலையில்தான் சாப்பிடுகிறார்கள். பார்க்க, பாகப் பிரிவினை முடிந்த நஞ்சை போல இருந்தது. ருசியில் குறை ஒன்றும் இல்லை. பாய் என்னிடம் பணம் வாங்க மறுத்தார், நான் கொடுக்காமல் கிளம்ப மறுத்தேன், நாங்கள் இருவரும் சத்தம் போடுவதைப் பார்த்து ரோட்டில் போன இருவர் உள்ளே வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி பஸ். குறுவை நெல்லை ரோட்டில் பாதி அகலத்துக்குக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் போகவேண்டும். எங்கள் நாட்டில் இப்படிச் செய்தால் போலீஸ் வரும். இங்கே எங்கள் ஓட்டுநர் நெல்லைத் தொடாமல், எதிரே வந்த லாரியையும் தொடாமல், என் உயிரை மட்டும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி இதற்கெல்லாம் விழித்துக்கொள்ளவில்லை.

இறங்கிய பிறகுதான் பை பஸ்ஸோடு போய்விட்டது தெரிந்தது. துணிகள், மடிக்கணினி, பேராசிரியரின் கேள்வித்தாள் எல்லாம் வேதாரண்யம் பக்கம் போய்க்கொண்டிருந்தன. நேரக் காப்பாளர் அறையில் சொன்னேன். அவர் ஒரு தொலைபேசி அழைப்பு செய்து, “பை உக்காந்து வருது. நாளைக்கி அதே கண்டக்டர் கொண்டாந்துடுவாரு” என்றார். ஈப்போவில் என் கூரியர் எங்கே இருக்கிறது என்று எட்டுத் தடவை குறுஞ்செய்தி வரும், கூரியர் வராது. எனக்கு இவருடைய முறை மேலாகத் தோன்றியது.

மாற்றுத் துணிக்காக ஜவுளிக் கடைக்குப் போனேன். மரியாதையான சந்திப்பு, வேட்டி சட்டை எடுக்கலாம் என்று வேட்டி கேட்டதும் கடைக்காரர், “எந்தக் கட்சி சார்?” என்றார். வேட்டியின் கரையில் கட்சி நிறம் இருக்குமாம். நான் எந்தக் கட்சியும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. குரலைத் தாழ்த்தி, கூட்டணி பேச்சு நடக்கிறதா என்று கேட்டார். ஒருவழியாகக் கரையே தெரியாத வெள்ளை வேட்டியும், கஞ்சி போட்டது போல விறைத்த வெள்ளைச் சட்டையும் வாங்கி அங்கேயே உடுத்திக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தபோது ஏதோ இடைத்தேர்தலில் நிற்கிறவன் மாதிரிதான் இருந்தேன்.

ஸ்டெல்லா குட்டியானையில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். அந்தச் சின்ன லாரிக்கு இங்கே அதுதான் பெயர். பின்னால் மடக்கி வைத்த ட்ரோன், பேட்டரிகள், ஜெனரேட்டர். கூடவே கலா என்ற அவருடைய தோழி, மருந்து கலந்து பேட்டரி மாற்றுகிறவர். ஸ்டெல்லாவுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் சிங்கப்பூரில் வெல்டர். வீட்டில் கொடுவா மீன் குழம்பு வைத்திருந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே கேள்வித்தாள் இல்லாத ஆராய்ச்சியைத் தொடங்கினேன்.

மூலதனம் சிக்கலா என்றேன். ட்ரோன் கையில் இருக்கிறது என்றார். திறமை? பயிற்சி முடித்து, உரிமம் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு பறக்கவிடுவேன் என்றார். சந்தை? கண்ணுக்கு எட்டிய தூரம் நெல், கையால் மருந்தடிக்க ஆள் கிடைக்காத காலம், சந்தைக்கு என்ன குறை? பேராசிரியரின் மூன்று சவால்களும் மீன் முள்ளோடு இலையில் கிடந்தன.

“அப்போ என்னதான் பிரச்சினை?”

“நனையலையாம் சார்” என்றார் ஸ்டெல்லா.

விளக்கினார். கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அடிக்கும்போது மாவுக்கு மூன்று டேங்கு தண்ணீர் போகும். மா என்பது இங்கே ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. பயிர் குளித்த மாதிரி சொட்டும். ட்ரோன் ஓர் ஏக்கருக்கே ஒரு டேங்கு தண்ணீரில் புகை போலத் தெளித்துவிட்டுப் போய்விடும். அதே மருந்து, அதே அளவு, தண்ணீர் மட்டும் குறைவு. ஆனால் முடிந்ததும் விவசாயி வயலில் இறங்கி இலையைத் தடவிப் பார்க்கிறார். கை ஈரமாகவில்லை. அவ்வளவுதான், ஏமாற்றிவிட்டதாக நினைக்கிறார். காவிரித் தண்ணீர் வந்தால் வருஷம், வராவிட்டால் வருஷம் இல்லை என்று வாழ்கிறவர்கள். எதையும் ஈரத்தை வைத்துத்தான் அளக்கிறார்கள்.

“கம்பெனி கொடுத்த மஞ்சள் அட்டை இருக்கு சார். துளி விழுந்தா நீலப் புள்ளியா மாறும். அதை வயல்ல வச்சு எடுத்துக் காமிச்சேன். அது கம்பெனி அட்டைம்மா, அதுல அப்படித்தான் வரும்னுட்டாங்க.”

இன்னொன்றும் சொன்னார். அந்த ஊரில் வாய்க்கால் தலைமடையில், அதாவது தண்ணீர் முதலில் பாய்கிற இடத்தில், சந்தானம் என்பவர் வயல். முறை வைத்துத் தண்ணீர் அவரில் தொடங்கிக் கடைமடைவரை இறங்கும். அபிப்பிராயமும் அதே வாய்க்காலில்தான் இறங்குகிறது. அவர் நாற்று விட்டால் மற்றவர்கள் விடுவார்கள், அவர் மருந்து மாற்றினால் மற்றவர்கள் மாற்றுவார்கள். அவர் ட்ரோனுக்குச் சரி சொல்லாதவரை அந்த வாய்க்காலில் ஒருவரும் சொல்லமாட்டார். மறுநாள் காலை அவர் வயலில் ஒரு முறை இலவசமாகத் தெளித்துக் காட்ட ஒப்புக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்தும் நான் வந்த அன்றுதான் அழைத்திருந்தார்களாம், இடம் காலியாகத்தான் இருக்கிறது, இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள் என்று.

“பிடிக்காத வேலைன்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா திரும்பிப் போனா, நாங்க அப்பவே சொன்னோம்ல அப்படின்னு ஒவ்வொரு வீட்டுலயும் சொல்லுவாங்க. அதைக் கேட்டுக்கிட்டே அந்தத் தெருவுல நடக்கணும்.”

எனக்குப் பேராசிரியர்மீது கோபம் வந்தது. ‘மூடுவதற்குள் பிடித்துவிடுங்கள்’ என்று அவர் சொன்னபோது நானும்தானே சிரித்தேன் என்று என்மீதும் வந்தது.

மறுநாள் காலை, இரவு பெய்த மழை விட்டு, காற்றில் பயிர் காய்ந்திருந்தது. சந்தானம் வரப்பில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அறுபது வயது, கனத்த குரல். அவருக்குப் பின்னால் வாய்க்கால் வரிசைப்படியே அடுத்த வயல்காரர்கள் நின்றார்கள். அன்று தெளிக்கவிருந்தது மருந்து அல்ல, கடல்பாசிச் சாறு. பயிர் ஊட்டத்துக்கானது, தேநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், விஷம் இல்லை. இருந்தாலும் ஸ்டெல்லா வகுப்பறைக் குரலில் எல்லாரையும் காற்று வரும் பக்கத்து வரப்புக்கு அனுப்பினார். இந்த ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அவரிடம் படித்தவர்கள். அதனால் பெரியவர்களும் டீச்சர் சொன்ன பக்கம் போனார்கள்.

நான் மட்டும் போகவில்லை. ஆய்வாளன் அல்லவா, நல்ல கோணத்தில் படம் எடுக்க வேண்டும். கைபேசியைத் தூக்கிக்கொண்டு எதிர்ப் பக்கத்து வரப்பில் நடந்தேன். வரப்பு சோப்பு போட்டது போல வழுக்கியது. வேட்டியை ஒரு கையால், கைபேசியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான் பரதம் ஆடிக்கொண்டிருந்தபோது ட்ரோன் கிளம்பிவிட்டது. பெரிய தேனீக் கூட்டம் போன்ற சத்தம். வயலின் குறுக்கே வந்து, திரும்பும் இடத்தில் என் தலைக்கு மேலே காற்றை இறக்கிவிட்டுப் போனது. நெல்லோடு சேர்ந்து நானும் ஒருமுறை சாய்ந்து நிமிர்ந்தேன். ஸ்டெல்லா கத்தியது கேட்டது. ஆனால் வழுக்கும் வரப்பில் நான் எங்கே ஓட? அப்படியே நின்றேன்.

எல்லாம் முடிந்ததும் சந்தானம் வயலில் இறங்கினார். ஓர் இலையை விரல்களுக்கு நடுவே பிடித்து அடியிலிருந்து நுனிவரை இழுத்தார். விரலைப் பார்த்தார்.

“நனையலையேம்மா” என்றார்.

குரலில் ஏளனம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம். பின்னால் நின்றவர்கள் மெல்லக் கலையத் தொடங்கினார்கள். ஒருவர் டீச்சருக்கு எதற்கு இந்த வேலை என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. ஸ்டெல்லா ட்ரோனின் இறக்கைகளை மடக்க ஆரம்பித்தார். கலா பேட்டரியைக் கழற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சேற்றில் ஒரு காலும் வரப்பில் ஒரு காலுமாக வந்து சேர்ந்து, ஆறுதலாக, “ஆமாங்க, என்மேலயும் ஒண்ணும் விழலை” என்றேன். இப்படியும் ஒரு முட்டாள் பேசுவானா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

சந்தானம் போகத் திரும்பியவர் என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

“கொஞ்சம் இப்படி வாங்க தம்பி.”

வெயில் வந்திருந்தது. கஞ்சி விறைப்பு மாறாத என் வெள்ளைச் சட்டை காயக் காய, அதில் பழுப்புப் புள்ளிகள் எழும்பிக்கொண்டிருந்தன. கடுகைவிடச் சிறிய புள்ளிகள். மார்பில், வயிற்றில், காலரில், இடைவெளி இல்லாமல். சந்தானம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“திரும்புங்க.”

திரும்பினேன். முதுகிலும் இருந்தது. கலைந்தவர்கள் கூடினார்கள். சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல ஆளுக்கு ஒரு பக்கம் நின்று பார்த்தார்கள். ஒருவர் வேட்டியின் மடிப்பை விலக்கி உள்பக்கம் பார்த்தார். ஒருவர் கையைத் தூக்கச் சொன்னார். கக்கத்துக்குக் கீழேயும் புள்ளி இருந்தது. அதைப் பார்த்துத்தான் சந்தானத்தின் முகம் மாறியது.

“அடியிலயும் போயிருக்குய்யா” என்றார் பின்னால் இருந்தவர்களிடம். “கையால அடிச்சா இலைக்கு மேலதான் விழும். இது காத்தைக் கீழ இறக்கி அடியில தள்ளுது.” பிறகு ஸ்டெல்லாவிடம் திரும்பினார். “ஏம்மா, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?”

ஸ்டெல்லா இதை அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் மடக்கிய இறக்கையை மறுபடி விரித்தார். பிறகு, “இப்ப சொல்லிட்டேன் பெரியப்பா” என்றார்.

கம்பெனி அட்டை பொய் சொல்லும். கடையில் நேற்று வாங்கிய சட்டை எப்படிப் பொய் சொல்லும், அதுவும் கட்சி சாராத சட்டை? சந்தானம் தன் வயல் முழுவதற்கும் அந்த இடத்திலேயே நாள் குறித்தார்.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த வயல்காரர், தன் வயலிலும் கடல்பாசி அடித்துக் காட்டவேண்டும், அந்த மலேசியா சார் நிற்கவேண்டும் என்றார். நான் கறைச் சட்டையோடு கிளம்பினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தக் கறை சந்தானம் வயல் கறையாம், தன் வயலுக்கு வேறு சட்டை போட்டுவர வேண்டுமாம். நியாயம்தான். மருந்தடிக்கும் அன்று ஒருவரும் வரப்பில் நிற்கக் கூடாது, கடல்பாசிக்கு மட்டும்தான் இந்த விளையாட்டு என்று ஸ்டெல்லா கறாராகச் சொல்லிவிட்டு, என்னை ஜவுளிக் கடைக்கு அனுப்பினார்.

கடைக்காரர் என் சட்டையைப் பார்த்தார், பிரசாரம் சூடு பிடித்துவிட்டது என்று முடிவு செய்தார். அடுத்த சில நாட்கள் காலையில் வெள்ளைச் சட்டை வாங்குவது, வயலில் நிற்பது, திரும்பி நிற்பது, கையைத் தூக்குவது, இதுதான் என் ஆராய்ச்சி. தலைமடையிலிருந்து கடைமடைவரை வாய்க்கால் வரிசைப்படியே என்னை நிறுத்தினார்கள். யாரும் வரிசை மீறவில்லை. எங்கள் ஆய்வால் உடனடியாக வளர்ந்த சிறுதொழில் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அது அந்த ஜவுளிக் கடைதான்.

பை சொன்னபடி மறுநாளே வந்திருந்தது. கண்டக்டர் அதை ஒரு சீட்டில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொன்னார். கேள்வித்தாளைத் திறக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சம்பளம் வாங்குகிறோமே என்று கிளம்பும் நாளில் ஸ்டெல்லாவிடம் முதல் கேள்வியைக் கேட்டேன். ஓர் ஆண்டுக்குள் உங்கள் தொழில் மூடப்படுவதற்கு எவ்வளவு வாய்ப்பு?

அவர் கைபேசியில் அடுத்த வாரத்துக்கு நாள் கேட்டு அழைத்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். கையால் கொஞ்சம் இருங்க என்று காட்டினார். அந்தப் பேச்சு முடிவதற்குள் என் பஸ் வந்துவிட்டது. சந்தானம் பஸ் நிறுத்தத்துக்கு வந்திருந்தார். முதல் சட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார், அது தன் வயலில் விழுந்த கறை என்பதால் தனக்குத்தான் உரிமை என்றார். கொடுத்தேன்.

ஈப்போவில் பேராசிரியர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ஆய்வாளர் ஆய்வுப் பொருளின் போக்கை மாற்றிவிட்டார், எனவே ஸ்டெல்லாவை மாதிரியிலிருந்து நீக்க வேண்டும் என்றார். செந்திலின் பதில் நகைச்சுவை, வழிகாட்டிகள் நிறைந்த நிஜாம் பாயின் கடை விதிவிலக்கு. மிச்சம் இருந்ததை வைத்து அட்டவணை நிரம்பியது. மூலதனம் போதாது, திறமை போதாது, சந்தை போதாது. முடிவுரையில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

தை பிறந்த பிறகு ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு படம் வந்தது. தலைமடையில், சந்தானத்தின் வயல் முனையில், ஒரு மூங்கில் கழியில் என் சட்டை கைகளை விரித்துக்கொண்டு நின்றது. பின்னால் தூரத்தில் ட்ரோன் பறந்துகொண்டிருந்தது. கூடவே ஒரு குரல் செய்தி.

“சார், கம்பெனி சொன்ன ஏக்கரைத் தாண்டிட்டோம். இப்ப இன்னொரு ட்ரோன் எடுத்துக்கிறீங்களான்னு அவங்களே கேக்குறாங்க. கலாவுக்கும் லைசென்ஸ் எடுக்கச் சொல்லியிருக்கேன். ஒரு உதவி சார். மழையில சட்டைல கறையெல்லாம் போயிடுச்சு. அடுத்த ஊர்க்காரங்க வந்து பாத்துட்டு, இது வெறும் வெள்ளைச் சட்டைதானேங்கிறாங்க. அங்க யாரும் எங்களை நம்ப மாட்டேங்கிறாங்க. குறுவைக்கு ஒருவாட்டி வந்து நிக்க முடியுமா?”

போக எனக்கு ஆசைதான். விடுப்பு கேட்டேன், காரணம் போதாது என்றார்கள். அதனால் சட்டைகளை மட்டும் அனுப்பினேன், வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளட்டும் என்று. நல்ல விறைப்பான வெள்ளைச் சட்டைகள், ஒரு வாய்க்காலுக்குப் போதுமானவை. ரசீதை ஆய்வுக் கணக்கில் ‘ஆய்வுக் கருவிகள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த ஆய்வில் நாங்கள் எழுதிய எல்லாவற்றிலும் உண்மையான வரி அது ஒன்றுதான். பேராசிரியர் கேள்வியே கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.